கோணல் ராக்கெட்டுக்கு நரம்பு

என் கணவர் ஸ்ரீகிருஷ்ணாவின் வலது மணிக்கட்டு மடங்காது. எண்பத்தெட்டாம் வருஷத்து மழையில் கோட்டூர்புரம் பாலத்தருகே ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து எலும்பு நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எழுதலாம், சாப்பிடலாம், வண்டி ஓட்டலாம், டென்னிஸ் மட்டும் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். ஒன்பது வருஷம் தன் வங்கியின் அணிக்காக ஆடியவர் இவர். டாக்டர் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து ராக்கெட்டுகளை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

தொண்ணூற்றிரண்டில் பெல்ஜியத்தில் வேலையாக இருந்த என் அண்ணா அம்பி லீவில் வந்தபோது ஒரு விசித்திரமான ராக்கெட்டைக் கொண்டு வந்தான். பழைய சாமான் சந்தையில் வாங்கினானாம். கைப்பிடி நேராக இருந்தது. தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மணிக்கட்டை மடக்காமலே பந்தை அடிப்பதற்காகவே யாரோ யோசித்துச் செய்தது அது. ரொம்ப நாள் விற்காமல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று அண்ணா சொன்னான். இவர் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். மறுநாள் காலை அடையாறில் வங்கிக் குடியிருப்பின் சிமெண்ட் கோர்ட்டுக்குப் போனவர் பத்து மணி வரை திரும்பவில்லை. வந்தபோது சட்டை முழுக்க வேர்வை. மோர் கரைத்துக் கொடுத்தேன்.

நாலு வருஷம் அந்த ராக்கெட்டோடு நிம்மதியாகப் போயிற்று. தொண்ணூற்றாறு மார்ச்சில் அதன் தலையில் வலையாகப் பின்னியிருந்த நரம்பு அறுந்தது.

மற்ற ராக்கெட் என்றால் ஒரு மணி நேர வேலை. இதற்கு தி.நகரில் மூன்று கடைக்காரர்கள் பார்த்த உடனேயே கையை விரித்துவிட்டார்கள். நாலாவது கடைக்காரர் அறுநூறு ரூபாய் கேட்டு, ராக்கெட்டின் சட்டம் உடைந்தால் தான் பொறுப்பில்லை என்று முன்னாலேயே சொல்லி வாங்கி வைத்தார். பழைய நரம்பையெல்லாம் ஒரே மூச்சாக வெட்டி எறிந்துவிட்டு, சாதா ராக்கெட்டுக்குப் போடுவது போலப் போட்டார். இரண்டாம் நாள் ஆட்டத்தில் அது பட்டென்று அறுந்தது. நரம்பு போகும் துளைகளில் இருந்த பிளாஸ்டிக் உறைகளும் ஏழெட்டு நொறுங்கிப் போயின.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று அண்ணாவுக்கு எழுதிப் போட்டோம். அங்கேயே இதைத் தொடுகிறவர்கள் ஒருவரோ இருவரோதான், போக வர தபால் செலவு, கூலி எல்லாம் சேர்ந்து நாலாயிரத்தைத் தொடும் என்று பதில் வந்தது. இவர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, போதும் என்றார். ராக்கெட் பீரோ மேல் ஏறியது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சே குறைந்து போயிற்று. கோபம் கிடையாது, சண்டை கிடையாது. கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பேப்பரின் ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஜூலை வரை பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

என்னோடு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் தனபாலன் ஷட்டில் ஆடுகிறவர். அவரிடம் விசாரித்தேன். மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் அப்துல் கய்யூம் என்று ஒருவர் வீட்டிலேயே மெஷின் வைத்து நரம்பு போடுகிறார், பெரிய கிளப் ஆட்கள்கூட அவரிடம்தான் போவார்கள் என்றார். மறுநாள் இவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ராக்கெட்டை ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். முடியாமல் போனால் இவருக்கு இன்னொரு முறை ஏமாற்றம் வேண்டாம் என்று இவரிடம் சொல்லவில்லை.

கய்யூம் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். வேட்டியைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இன்னாம்மா இது, யாராவது மேல உக்காந்துட்டாங்களா?"

அது இருக்கிற விதமே அப்படித்தான் என்று சொல்லி, மணிக்கட்டு விஷயத்தையும் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய மர ராக்கெட்டிலிருந்து எல்லாம் போட்டிருக்கிறேன், இதைப் பார்த்ததே இல்லை என்றார்.

"பழைய நரம்பை அறுக்கறதுக்கு முன்னாடி எந்த ஓட்டையில எது போவுதுன்னு ஒருதபா எழுதி வச்சிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். இப்ப இன்னா பண்றது? செலவும் ஆவும்மா. அந்தக் காசுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம்."

"புதுசு அவர் கைக்கு ஆகாது பாய்" என்றேன்.

அவர் ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நரம்பு இருந்தபோது எடுத்த போட்டோ ஏதாவது உண்டா என்று கேட்டார்.

இருந்தது. வங்கிகளுக்கிடையே நடந்த போட்டியில் இரட்டையர் கோப்பை வாங்கியபோது எடுத்தது. இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ராக்கெட்டை மார்போடு பிடித்திருப்பார். வெள்ளைத் துணி மேல் கறுப்பு நரம்புகள் கோடு கோடாகத் தெரியும். ஆனால் படம் உள்ளங்கை அளவுதான். நெகடிவைத் தேடி எடுத்து லஸ்ஸில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கி வாங்கினேன். ஸ்டுடியோக்காரர் முகத்தை நடுவில் வைத்துப் போடட்டுமா என்று கேட்டார். முகம் வராவிட்டாலும் பரவாயில்லை, ராக்கெட் முழுசாக வரவேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் படத்தை முதலில் சரியாகப் படித்தது கய்யூம் பாய் அல்ல, அவர் மனைவி வஜீஹா. அவர் புடவைகளுக்கும் ரவிக்கைகளுக்கும் எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பவர். கணவரின் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தவர் உள்ளே போய் பட்டர் பேப்பரும் பென்சிலும் கொண்டு வந்தார். ராக்கெட்டைத் தாளில் வைத்துச் சுற்றிலும் வரைந்து, துளை துளையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். பிறகு படத்தில் இருந்த நரம்பை விரலால் தொடர்ந்துகொண்டே போய்த் தாளில் கோடு இழுத்தார். ஒரே துளையில் இரண்டு நரம்பு போகிற இடங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். அன்று நான் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டிருந்தேன். அந்த அரை நாளும் அங்கேயே கழிந்தது.

மற்றதெல்லாம் கய்யூம் பாயின் வேலை. நொறுங்கிய உறைகளுக்குப் பதிலாக ரிச்சி தெருவில் எலெக்ட்ரிக் வயருக்குப் போடும் மெல்லிய குழாய் வாங்கி, துண்டு துண்டாக வெட்டிச் செருகினார். மெஷினின் பிடிகளில் சாய்ந்த தலை உட்காரவில்லை என்று தச்சரிடம் இரண்டு மரக்கட்டை செதுக்கி வாங்கி, அதில் சைக்கிள் டியூபை ஒட்டினார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனபோது ராக்கெட் நரம்பில்லாமல் கிடந்தது. பக்கத்தில் வெட்டிய நரம்பு ஒரு குவியல்.

முக்கால்வாசி போட்டபின் சட்டம் ஒரு பக்கம் அமுங்க ஆரம்பித்ததாம். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் உடைந்திருக்கும் என்று தானே வெட்டிவிட்டார். என்னைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. நீங்கள் முயற்சி செய்ததே பெரிது, ஆன செலவைச் சொல்லுங்கள் என்று நான் பையைத் திறந்தேன்.

"இருங்கக்கா" என்றார் வஜீஹா. தாளை எடுத்துத் தரையில் விரித்தார். "இவரு கைப்பிடிக்கு நேரா இருக்கறதை நடுன்னு வச்சு ஆரம்பிச்சிருக்காரு. அது நடு இல்ல. எல்லாத்தையும் விட நீளமா எது போவுதோ அதான் நடு. அங்கருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போவணும்."

கய்யூம் பாய் குனிந்து தாளையே பார்த்தார். பிறகு மனைவியிடம் உருதுவில் என்னவோ சொன்னார். வஜீஹா சிரித்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கய்யூம் பாய் எழுந்து போய்ப் புது நரம்புச் சுருள் ஒன்றைப் பிரித்தார்.

இதற்குள் வீட்டில் பீரோ மேல் ராக்கெட் இல்லாததை இவர் கவனித்திருக்கிறார். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருக்கிறார். அப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்துவிட்டது. ஐந்நூற்று இருபது ரூபாய் என்றார். வீணான முதல் சுருளை அதில் சேர்க்கவில்லை. அதற்கும் சேர்த்து வைத்தேன்; தப்பு என்னுடையது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வீட்டில் இவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேட்டியைப் பிரித்து ராக்கெட்டைக் கையில் கொடுத்தேன். நரம்பின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். இன்னொரு முறை தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"யார் போட்டா?" என்றார்.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். போட்டோவுக்காக நான் அலைந்ததைச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லி முடிக்கும் வரை விடவில்லை.

மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போவதற்கு முன் மீர்சாகிப்பேட்டைக்குப் போக வேண்டும் என்றார். நரம்பு போட்டவர்கள்தான் முதல் பந்தைப் பார்க்கவேண்டுமாம். கய்யூம் பாய் தயங்கினார். வஜீஹா உடனே புர்காவை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் ஆட்டோவிலும் நாங்கள் ஸ்கூட்டரிலுமாக அடையாறு போனோம்.

நானும் வஜீஹாவும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். கய்யூம் பாய் உட்காரவில்லை. வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். முதல் பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. இரண்டாவது வலையில் விழுந்தது. நாலு மாதமாயிற்றே, கை மறந்திருக்கும் என்று நான் என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பந்து குறுக்காகப் பறந்து மூலைக் கோட்டில் விழுந்தது. எதிரே ஆடிய குடியிருப்புக்காரர் நகரவே இல்லை. அதற்கப்புறம் நான் எண்ணவில்லை.

எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கய்யூம் பாய் ராக்கெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் அதை வாங்கி நரம்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணும் நகரல. அடுத்த தபா இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் சார்" என்றார்.

இவர் மடங்காத அந்தக் கையை நீட்டி கய்யூம் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஆத்துல நாலு மாசமா மனுஷனாவே இல்லை பாய். இவளைக் கேளுங்கோ" என்றார். பிறகு பெஞ்சுக்கு வந்து வஜீஹாவைக் கும்பிட்டார். அவர் பதறி எழுந்து, அதெல்லாம் வேண்டாம் சார் என்று என் பின்னால் ஒதுங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, கோட்டுக்கு வெளியே விழுந்தால் யாருக்குக் கணக்கு என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாது என்பதால் இவரைக் கூப்பிட்டேன். இவர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கோர்ட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கோடாகக் காட்டி, அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினார். வெயில் ஏறிவிட்டது. நாங்கள் யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை.