புங்கவெளியின் பூஜ்யம்

"உலகப் பெருமக்களுக்கும், குறிப்பாகப் புங்கவெளி கிராமத்துப் பொதுமக்களுக்கும் ஓர் அதிமுக்கிய அறிவிப்பு. இன்று காலை நிலவரப்படி அமெரிக்கா முதலிடம். பிரேசில் இரண்டாமிடம். ரஷ்யா மூன்றாமிடம். இந்தியா நான்காமிடத்துக்கு முன்னேறியுள்ளது. புங்கவெளி: தொற்று பூஜ்யம், இறப்பு பூஜ்யம். மீண்டும் சொல்கிறேன், பூஜ்யம். முகக்கவசம் அணிவீர், முன்னோர் புகழ் காப்பீர். இவண், துரைராசு, தலைவர், கொரோனா கண்காணிப்புக் குழு."

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டின் அந்தக் கோடையில், கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊர் இந்த அறிவிப்பில்தான் தினமும் கண் விழித்தது. மாரியம்மன் கோயில் கூம்பு ஒலிபெருக்கி, அம்மனுக்கு ஆடி மாதத்தில் மட்டும் உழைத்துப் பழகியது. துரைராசுவுக்காக ஊரடங்கு முழுக்க உழைத்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் துரைராசு. ஓய்வுக்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்காததால் மெலிந்து போயிருந்தார். கொரோனா அவரைத் தேற்றியது. குழுவை அவரே அமைத்து, தலைவராக அவரையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார். எதிர்ப்பு வராமலிருக்க வேறு உறுப்பினர்களைச் சேர்க்கவில்லை. ஊர் எல்லையில் ஒரு பேனரும் வைத்தார். 'கொரோனா தலைகுனிந்த புங்கவெளி உங்களை வரவேற்கவில்லை' என்று அதில் எழுதியிருக்கும். கைகூப்பி நிற்கும் அவருடைய படம் கொரோனாவின் படத்தைவிடப் பெரிது.

நாடுகளின் கணக்கையும், அதையடுத்துச் சென்னைக் கணக்கையும் அவர் கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொல்வார். இத்தாலி முதலில் நன்றாக ஆடிவிட்டுப் பின்தங்கியதில் அவருக்கு வருத்தம் உண்டு. பக்கத்து ஊரில் இரண்டு பேருக்குத் தொற்று என்று செய்தி வந்த அன்று, "ஆழ்ந்த வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று மூன்று முறை தெரிவித்துக்கொண்டார். அவ்வளவு உற்சாகமான வேதனையை நாங்கள் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் யாராவது இருமினால் நேரில் போய்த் தீர்ப்பு வழங்குவார். "இது வைக்கோல் தூசி இருமல்." காய்ச்சல் என்றால், "வெயில் சூடு. மோர் குடி." யாரும் அப்பீல் செய்யவில்லை. கொரோனா என்று தெரிந்தால் தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள். குறுவை நாற்றங்காலுக்கு யார் போவது? ஆக ஊரே மோர் குடித்தது, பூஜ்யம் நிலைத்தது.

கல்லணை திறந்து, தண்ணீர் எங்கள் கடைமடைக்கு இன்னும் வந்து சேராத ஒரு காலையில், கிராம நிர்வாக அலுவலர் நல்லக்கண்ணு துரைராசு வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"ஐயா, ஒரு விசாரணை."

"எந்தத் தேதி கணக்கு வேணும்? எல்லாம் ரெடியா இருக்கு."

"கணக்கு இல்லீங்க. புங்கவெளி துரைராசுங்கறவர் இறந்துட்டாரான்னு உறுதிப்படுத்தச் சொல்லி மேலேருந்து போன் வந்துச்சு."

துரைராசு முகக்கவசத்தை இறக்கினார். "நான்தானேய்யா துரைராசு?"

"அது எனக்குத் தெரியுது. அவங்களுக்கு என்ன சொல்லட்டும்னு கேக்கத்தான் வந்தேன்."

நல்லக்கண்ணு செல்போனை நீட்டினார். திரையில் கறுப்புப் பின்னணியில், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, துரைராசு கைகூப்பி நின்றார். எல்லைப் பேனரிலிருந்து எடுத்த அதே படம். மேலே 'இமயம் சரிந்தது' என்றும் கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்றும் இருந்தது. சென்னையிலிருந்து ஊருக்கு வர இ-பாஸ் கேட்டுப் போட்ட விண்ணப்பத்தோடு இதை ஆதாரமாக இணைத்திருந்தார்கள். விண்ணப்பித்தவர் அவருடைய மாப்பிள்ளை தமிழரசன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்ததற்கு மருத்துவர் சான்றிதழ், பதிவேடு எல்லாம் அப்புறம். முச்சந்தியில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றால்தான் சாவு. பேனர் இல்லாத சாவில் ஊருக்கே ஒரு சந்தேகம் இருந்துகொண்டிருக்கும். தமிழரசன் இந்த மண்ணின் பிள்ளை. எதை ஆதாரமாகக் கொடுப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே வரவில்லை. அதைச் சரிபார்த்தவரும் இந்த மண்ணின் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும், கிட்டத்தட்ட நம்பிவிட்டார்.

துரைராசு பேனரை உற்றுப் பார்த்தார். "இமயம்னு போட்டது சரிதான். 'முன்னாள் செயலாளர்'னு போடாம விட்டுட்டானே" என்றார். பிறகுதான் கோபம் வந்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, மைக்கில் பேசும் பழக்கத்தில் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

"என்ன மாப்ள இது அக்கிரமம்?"

"மாமா, மூணு தடவ போட்டாச்சு மாமா. பிரசவம்னு போட்டா, சென்னையிலயே ஆஸ்பத்திரி இருக்குன்னு தள்ளி விட்டுடறாங்க. சாவுன்னா உடனே குடுக்கறாங்களாம்."

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"நெருங்கின சொந்தமா இருக்கணும்னு கேக்குது மாமா. எங்கப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே போய்ட்டாங்க. மிச்சம்..."

"மிச்சம் நான்தானா?"

"அத்தையைப் போட மனசு வரல மாமா."

உள்ளேயிருந்து சாவித்திரி வந்துவிட்டார். ஒரே மகள் பிரகதீஸ்வரிக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு செல்போனில் நடந்தது. இங்கிருந்து சாவித்திரி வளையலைத் திரையில் காட்ட, அங்கே அவள் தானே போட்டுக்கொண்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதில் எந்த நோய்க்கும் விலக்கு கிடையாது. மருந்துக் கிடங்கு வேலைக்குத் தமிழரசன் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அதுவரை அந்த வாடகை வீட்டில் அவள் தனியாகத்தான் கிடந்தாள். சாவித்திரி சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினார்.

"பாப்பா, நீ பேசும்மா."

"அப்பா." குரல் தணிவாக வந்தது. "எதிர்வீட்டுல தகரம் அடிச்சிட்டாங்கப்பா. மேல்வீட்டு அக்கா நேத்து போய்ட்டாங்க. எனக்கு ரசம் வச்சுக் குடுப்பாங்கல்ல, அவங்கதான். தினமும் சென்னைக்குன்னு ஒரு நம்பர் மைக்ல சொல்வீங்களாம்ல, இன்னிக்குச் சொன்னதுல அவங்களும் ஒண்ணுப்பா. எனக்குப் பயமா இருக்கு."

துரைராசுவிடம் அன்றைய சென்னைக் கணக்கு சட்டைப்பையிலேயே இருந்தது. அதை எடுக்கப்போன கை நடுவில் நின்றுவிட்டது.

"நாளைக்குள்ள சொல்லணும் ஐயா. இல்லன்னா தள்ளுபடி ஆயிடும்" என்றார் நல்லக்கண்ணு.

"ஏன்யா, என் ஊர்க் கணக்குல ஒரு சாவு ஏறிடுமே?"

"பதிவுல ஏத்த மாட்டேன். பாஸ் கணக்குல மட்டும் செத்துருப்பீங்க. ரேஷன் கணக்குல இருப்பீங்க."

"காரணம் என்னன்னு போடுவ? கொரோனான்னு போட்டுடாதய்யா."

"காரணமே கேக்கல ஐயா. செத்தாப் போதுமாம்."

இதற்குமேல் சாவித்திரிக்குப் பொறுமை இல்லை. "ஏங்க, செத்துத்தான் போங்களேன். ஒரு வாரந்தானே? புள்ள வந்து சேரட்டும், அப்புறம் எழுந்திரிச்சு வந்து எவ்வளவு நாள் வேணுன்னாலும் இருங்க."

துரைராசு கீழே பார்த்தபடி தலையாட்டினார். நல்லக்கண்ணு பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டு, ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"ஒண்ணு ஐயா. பாஸ் வர்ற வரைக்கும் மைக் பக்கம் போயிடாதீங்க. திரும்ப எனக்குப் போன் பண்ணிக் கேப்பாங்க. பின்னாடி உங்க குரல் கேட்டுச்சுன்னா என் வேலை போயிடும்."

சாவதற்குச் சம்மதித்தவருக்கு இதுதான் இடியாக விழுந்தது. "எழுதிக் குடுத்து வேற யாரையாவது படிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார். நல்லக்கண்ணு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை மைக் பேசவில்லை.

அஞ்சலி பேனரை வடிவமைத்துக் கொடுத்தவர் கீழ்வேளூர் பிளக்ஸ் கடை சித்தீக். விஷயம் தெரியாமல் செய்து கொடுத்த நல்ல மனிதர். தன் பங்குக்குத் துக்கம் தெரிவிக்க அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தார். அதைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் முதலில் நம்பவில்லை. காலை எட்டரை மணியாகியும் பிரேசில் எத்தனையாவது இடம் என்று தெரியாமல் போனதும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். துரைராசுவின் மரணத்துக்கு அதைவிட வலுவான சான்று வேறு இல்லை.

துக்கம் கேட்கப் போகாமலிருந்தால் எங்கள் பக்கத்தில் உறவு அறுந்துபோகும். கல்யாணத்துக்குப் போகாததற்குச் சாக்குச் சொல்லலாம். சாவுக்குச் சொல்ல முடியாது. ஊரடங்கெல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான்.

முதலில் வந்தது திருப்பனந்தாள் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை அகிலாண்டம். அரிசி மூட்டை ஏற்றும் சிறிய லோடு வண்டியில், ரோசாப்பூ மாலையும் கோடி வேட்டியுமாக, தெருமுனையிலேயே குரலெடுத்துவிட்டார்.

"என்னப் பெத்த அண்ணே! தங்கத் தேரு சாஞ்ச மாதிரி சாஞ்சிட்டியே! யாருக்குமே ஒரு கெடுதல் நெனைக்காத..."

மார்பில் அடித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தவர், அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். பாட்டு அந்தரத்தில் நின்றது.

"வா ஆத்தா. இட்லி சாப்பிடுறியா?" என்றார் துரைராசு.

"நீ சாகலயா?"

"மெதுவாப் பேசு. பாஸ் வர்ற வரைக்கும் செத்துருக்கேன்."

"அடப் பாவி! நாத்தங்காலுக்கு போர்த் தண்ணி விட இன்னிக்கு என் மொறை. அத விட்டுட்டு, வண்டிக்காரன் கால்ல விழுந்து, நாலு எடத்துல போலீஸ்காரன்கிட்ட அழுது காட்டி வந்திருக்கேன். இந்த மாலைய நான் இப்ப யாருக்குப் போட?" என்று திட்டிக்கொண்டே போய் அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்.

அன்று முழுக்க இதே கதைதான். மாலையோடு வந்தவர்கள், அவர் உயிரோடு இருப்பதைக் கண்டு திட்டியவர்கள், திட்டிய பிறகு கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தவர்கள். இரண்டு பேர் மூக்கு உறிஞ்சினார்கள். துக்கம் என்று துரைராசு எடுத்துக்கொண்டார். சங்கத்தில் அவரோடு முப்பது வருடம் முகம் கொடுக்காமல் இருந்த ஒருவர்கூட வந்து தோளில் சாய்ந்தார். விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஒவ்வொருவர் காதிலும் துரைராசு நெருங்கி நின்று சொல்ல வேண்டியிருந்தது. காதில் முகக்கவசத்தோடு சொன்னால் யாருக்கும் விளங்கவில்லை.

தன் சாவுக்கு வந்த கூட்டத்தில் அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. "கூட்டம் எவ்வளவு இருக்கும்னு நெனைக்கிற?" என்று சாவித்திரியிடம் கேட்டார்.

"இனிமே பொணம் எண்ணுறத விட்டுட்டு உசுர எண்ணுங்க" என்று டம்ளர்களை அள்ளிக்கொண்டு போனார் அவர்.

சாயங்காலம் பாஸ் வந்துவிட்டது. 'காரணம்: மாமனார் மரணம். ஒப்புதல் அளிக்கப்பட்டது.'

மறுநாள் மத்தியானம் கார் வாசலில் வந்து நின்றது. பிரகதீஸ்வரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கி, திண்டாடிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதாள். சாவித்திரி ஆரத்தியும் கிருமிநாசினியும் ஒரே தட்டில் வைத்து எடுத்து வந்தார். துரைராசு ஒரு புள்ளிவிவரமும் சொல்லவில்லை. மகள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சென்னையிலிருந்து ஆள் வந்தால் சுகாதாரத் துறை வரும். வந்தார்கள். வீட்டில் இருந்த நால்வருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்து, கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். உயிர்த்தெழுந்த துரைராசு மறுநாளே மைக்கைப் பிடித்தார். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டிலிருந்து வெளியே வரக் கூடாது என்பதால் நீளமான வயர் இழுத்து, கூடத்தில் உட்கார்ந்தபடியே பேசினார். "புங்கவெளி: தொற்று பூஜ்யம். சென்னையிலிருந்து வந்தோர் இருவர். அவர்கள் முடிவு நிலுவையில். அது எதுவாக இருப்பினும் சென்னைக் கணக்கில் சேரும் என்பதை இப்போதே அறிவித்துக்கொள்கிறேன்."

முடிவு வந்தது. பிரகதீஸ்வரிக்கு இல்லை. தமிழரசனுக்கு இல்லை. சாவித்திரிக்கு இல்லை. துரைராசுவுக்கு இருந்தது.

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். மகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். துரைராசு ஏறுவதற்கு முன் சுகாதார ஆய்வாளரிடம் வாதாடினார்.

"தம்பி, இதுல ஏதோ தப்பு நடந்துருக்கு. மூணு மாசமா இந்த ஊர்ல பூஜ்யம். தெனமும் நானே சரிபார்த்துச் சொல்றேன். உங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, புங்கவெளியில இதுவரைக்கும் ஒருத்தருக்காவது வந்துருக்கா?"

ஆய்வாளர் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்தபடி ஆபீசுக்குப் போன் செய்து கேட்டார். துரைராசு சொன்னது சரிதான். புங்கவெளியில் அதுவரை ஒருவருக்கும் தொற்று இல்லை.

ஒருவருக்கும் பரிசோதனையும் எடுத்ததில்லை.