அக்கா கை தூக்கிய தீர்மானம்

வரைகலைக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று முதலில் சொன்னவள் அக்காதான். அப்போது அக்காவும் தங்கையும் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து போஸ்டரும் மருந்துப் பெட்டி அட்டையும் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் பலரிடம் லோகோ வரைந்து வாங்கி, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள். அதனால் சங்கத்தின் முதல் விதியே, வேலை உறுதியாகாமல் யாரும் ஓசியில் வரைந்து காட்டக் கூடாது என்பதுதான். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் தங்கை.

சில வருடங்களில் தங்கையின் கணவர் படுத்த படுக்கையானார். ஒரு விமான நிறுவனம் அப்படியொரு ஓசிப் போட்டி வைத்தபோது அவள் யாரிடமும் சொல்லாமல் வரைந்து அனுப்பினாள். வேலை கிடைக்கவில்லை; விஷயம் மட்டும் கசிந்தது. எச்சரித்து விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். தலைவியான அக்கா, "ஊருக்கு ஒரு நியாயம், கூடப் பொறந்தவளுக்கு ஒரு நியாயமா?" என்று, அவளை நீக்கும் தீர்மானத்துக்கு முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

தங்கை மேசையைக் காலி செய்துவிட்டுப் போனாள். அதன்பின் நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொண்டால் உண்டு. "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டிப் பேச்சு வளராது.

இப்போது சங்கத்தின் வரலாறு புத்தகமாகிறது. அதே சமயம் புது நிர்வாகிகள், காலம் மாறிவிட்டது என்று அந்த முதல் விதியை எடுத்துவிட்டார்கள். அக்காவும் சம்மதித்தாள். நேரே தங்கை வீட்டுக்குப் போனாள்.

"அந்த விதியை எடுத்தாச்சுடி. உன்னைத் திரும்பச் சேத்துக்கறாங்க. புத்தகத்துல உன் போஸ்டரெல்லாம் வருது."

தங்கை துணி மடிப்பதை நிறுத்தினாள். "நீ என்ன சொன்னே?"

"சரின்னுதான் சொன்னேன்."

"நீ செஞ்சது நியாயம்னே நெனச்சிட்டிருந்தேன்க்கா. அவர் போனப்புறம் எத்தனையோ பேர் வேலை தர்றேன்னு வந்தாங்க. தப்புப் பண்ணவளுக்கு என்ன வேலைன்னு பென்சிலையே தொடல. விதி பெருசு, அதான் அக்கா விட்டுட்டான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "இப்ப அது ஒண்ணுமே இல்லேன்னா, நான் எதுக்குக்கா நிறுத்தினேன்?"

அக்கா அந்தத் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"போஸ்டரைப் போட வேணாம்னு சொல்லிடு" என்றாள் தங்கை.

புத்தகம் அவை இல்லாமலே வந்தது. வெளியீட்டு விழாவில் அக்காவைப் பேச அழைத்தார்கள். "இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சது ரெண்டு பேரு" என்றாள். மேடையிலிருந்து இறங்கி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.