மாமனாரின் மடக்குக் கத்தி

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். அரை பாக்கெட் பாலைக் காய்ச்சினான். மீதியை மூடி வைத்தான். துவைத்த சட்டைகளை மடித்தான். பால்கனித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினான். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. அன்று ஒரே ஒரு வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு மாமனார் வருகிறார்.

மாமனாருக்கு நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டும் வேலை. ஒரு செடியின் துளிர்க்கண்ணைச் சீவி இன்னொரு செடியின் பட்டைக்குள் உட்கார வைப்பதே முப்பது வருஷப் பிழைப்பு. பால்கனியில் நிற்பது காட்டு ரோஜா. அதில் நல்ல ரோஜாவை ஒட்ட அப்பா வரவேண்டும் என்று மனைவிதான் ஏற்பாடு செய்திருந்தாள். நடுவில் அவள் போய்ச் சேர்ந்தாள். செடி மட்டும் காத்திருந்தது.

மேசையில் மடக்குக் கத்தி கிடந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் மகள் கையில் கொடுத்தது. மரப்பிடி விரல் பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. அலகு தேய்ந்து தேய்ந்து பாதி அகலத்துக்கு வந்திருந்தது. அதை மழுக்கியது இவன். பார்சல் கிழிக்க, பெயின்ட் டப்பா நெம்ப, எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுப்பான். "எங்கப்பா கத்தியை மண்வெட்டி ஆக்கிட்டே. நீயே தீட்டு" என்று அவள் இரண்டு வாரம் சொன்னாள். இவனும் "நாளைக்கு" என்று இரண்டு வாரம் சொன்னான்.

இன்று சாணைக்கல்லை நனைத்தான். படித்தவன் அல்லவா, நான்கு கட்டுரை, மூன்று வீடியோ பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் இருபது இழுப்பு, அந்தப் பக்கம் இருபது. அலகின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தது. யாரோ அரைகுறையாகத் தீட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தான். தட்டைப் பக்கத்துக்கு மேலும் முந்நூறு இழுப்பு கொடுத்துச் சமமாக்கினான். முன்கையில் வைத்ததும் முடி உதிர்ந்தது. மூன்று மாதத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தோம் என்று இருந்தது.

மாமனார் ஈரத்துணியில் சுற்றிய ரோஜாக் குச்சியோடு வந்தார். கத்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, மாப்பிள்ளையே தீட்டினதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு எவன் சொன்னான்!"

குச்சியில் வைத்து ஒரு சீவு சீவினார். சீவல் அலையலையாக வந்தது. கண் பாதியில் அறுந்தது. அடுத்த கண்ணும் அப்படியே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலகை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரெண்டு பக்கமும் தீட்டிட்டீங்களா?"

"ஆமா மாமா. சமமா."

"இது ஒரு பக்கம் மட்டும் தீட்டுற கத்தி மாப்பிள்ளை. அந்தப் பக்கம் தட்டையா இருந்தாத்தான் சீவல் நேரா வரும். ஒட்டும் பிடிக்கும்."

"திரும்பத் தட்டையாக்க முடியாதா?"

"முடியும். அதுக்கு இரும்பு வேணுமே." தேய்ந்த அலகின் மேல் சுண்டுவிரலை வைத்துக் காட்டினார். விரலே அகலமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"அவ போறதுக்கு முந்தின நாள்கூட போன்ல அவகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, மாப்பிள்ளைகிட்ட சொல்லிடும்மான்னு. அவ சொல்லலையா?"

"சொல்லலை மாமா." வாய் முந்திக்கொண்டது.

"மறந்திருப்பா." மாமனார் கத்தியை மடக்கினார். "போகட்டும். கத்தியை மறந்தாலும் அப்பனை மறக்கலையே. 'அப்பாவைப் பார்த்துக்கோ'ன்னு சொல்லிட்டுல்ல படி இறங்கினா. பண்ணையில அதைக் கேட்டு அழாத ஆள் இல்லை."

அது இவன் கட்டிய கதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு "கடைசியா என்ன சொன்னா?" என்று அவர் கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அன்று காலை எட்டேகாலுக்கு அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேசினாள். இவன் போனில் ஒரு பூனை அலமாரியிலிருந்து விழுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "ம்" என்றான். எட்டரைக்குத் தெருமுனையில் லாரி. அவள் பேச்சின் முதலும் முடிவும்தான் நினைவில் நின்றன. நடுவில் என்ன என்று மூன்று மாதமாகத் துழாவிக்கொண்டிருந்தான். இப்போது மாமனார் சொன்னதும் அது முழுசாக எழுந்து வந்தது.

செத்தவள் மேல் பழியைப் போட்டாயிற்று. அவள் அப்பாவிடம் ஆறுதலும் வாங்கியாயிற்று. காது மடல் சுட்டது.

"மாமா, அவ மறக்கலை. சொன்னா. நான்தான் போன் பார்த்துட்டு இருந்தேன்."

மாமனார் நிமிர்ந்தார். "அப்போ, அப்பாவைப் பார்த்துக்கோன்னு சொன்னது?"

"அது நானாச் சொன்னது மாமா."

மாமனார் கத்தியைத் திறந்தார். மடக்கினார். மறுபடி திறந்தார். மேசையில் அறுந்த இரண்டு துளிர்க்கண்கள் கிடந்தன. அவற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"பின்னே என்னதான் சொன்னா?"

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவள் சொன்னபடியே சொன்னான்.

"எங்கப்பா கத்தியை இன்னிக்காவது தீட்டு. ஒரு பக்கம் மட்டும்தான், புரியுதா? ரெண்டு பக்கமும் தேய்ச்சு வச்சே, தொலைச்சுடுவேன். டேய், காதுல விழுதா?"