நின்றுபோகிற முகம்

"அழுத்தாதீங்க சிஸ்டர்! அழுத்தினா ஆள் காலி!"

ஸ்பீக்கரில் போட்டிருந்த பட்டன் போன் அலறியது. சிஸ்டர் கையை அப்படியே நிறுத்தினாள். இரண்டு விரல்களுக்கு நடுவே தபால்தலை அளவில் புது ப்ராசஸர். சாப்பாட்டு மேஜை மேல் வயிறு திறந்து கிடந்தது பழைய லேப்டாப். மகள் கூப்பிட இன்னும் அரை மணிகூட இல்லை.

"அழுத்தலப்பா. சும்மா மேல வெச்சேன். உக்கார மாட்டேங்குது."

"மூலையில தங்கக் கலர்ல குட்டியா ஒரு முக்கோணம் தெரியுதா? அதையும் சாக்கெட்டுல இருக்கிற அடையாளத்தையும் ஒரே பக்கம் கொண்டு வாங்க. தானா உக்காரும். அடியில ஒரு பின் வளைஞ்சாலும் போச்சு."

போனில் இருந்தவன் கடைத்தெருவில் லேப்டாப் ரிப்பேர் பார்ப்பவன். பேட்டை முழுக்க அவனுக்கு 'டாக்டர்' என்றுதான் பெயர். இன்று மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தான். திங்கட்கிழமை தானே மாற்றித் தருவதாகத்தான் சொன்னான். திங்கட்கிழமை யாருக்கு வேண்டும்? மகள் பேசுவது ஞாயிறு மட்டும்தான்.

"சர்வீஸ் பூரா டாக்டருங்ககிட்ட திட்டு வாங்கினேன். ரிட்டயர் ஆகியும் விட மாட்டேங்கறீங்களே."

"நான் ஃபீஸ் வாங்காத டாக்டர் சிஸ்டர்!"

முக்கோணம் சேர்ந்தது. சிப் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. பக்கத்துத் திருகைத் திருப்பிப் பூட்டினாள். மேலே அரிசி மணி அளவு பசை. அதற்கு மேல் செம்புத் தகடு. காலமெல்லாம் ஆப்பரேஷன் தியேட்டரில் நின்ற கை. நடுக்கம் அதற்குத் தெரியாது. மூடுவதற்கு முன்னால் வழக்கம்போல எல்லாவற்றையும் எண்ணினாள். உள்ளே எதையாவது விட்டுவிட்டுத் தைத்துவிடக் கூடாதே! எண்ணியது நல்லதாகப் போயிற்று. ஃபேன் வயர் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

புதிதாக ஒன்று வாங்கித் தொலையுங்களேன் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்கவில்லை. மகள் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போன லேப்டாப் அது. மூடியில் அவள் ஒட்டிய வண்ணத்துப்பூச்சி, ஒற்றைச் சிறகோடு இன்னும் இருந்தது. கோளாறு ஒன்றே ஒன்றுதான். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது, மாடித் தண்ணீர்த் தொட்டி வழிந்தது என்று வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து விடுவாள். எல்லாம் தீர்ந்ததும் மெதுவாக, "எப்பம்மா வர்றே?" என்பாள். பாழாய்ப்போன டப்பா அப்போது பார்த்துதான் மூச்சை விடும். எப்போதும் கலங்கலான சதுரங்களாய்த் தெரியும் மகள் முகம் அப்படியே நின்றுபோகும். வாய் பாதி திறந்தபடி. பதில் அந்தப் பாதியிலேயே மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இவளே இணைப்பைத் துண்டிப்பாள். பிறகு வீட்டில் பேசுவதற்கு ஃபிரிட்ஜ் மட்டும்தான். அது முனகும்.

"நெட்டு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் பழசு. அதை மாத்தினா ஓடும்" என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்கு உயிரே வந்தது. இன்றைக்கு அந்தப் பதிலைக் கேட்டுவிடலாம்!

பவர் பட்டனை அழுத்தினாள். கறுப்பு. கறுப்பு. பிறகு ஃபேன் உறுமியது, திரை வெளிச்சமானது.

"ஆப்பரேஷன் சக்ஸஸா சிஸ்டர்?"

"பேஷன்ட் கண்ணு முழிச்சுட்டாங்க டாக்டர். போய்ப் பந்தியில உக்காருங்க."

அழைப்பு வந்தது. அடேயப்பா! மகள் முகம் கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. நெற்றியோரம் ஒரு நரைமுடிகூடத் தெரிந்தது. இவளுக்குத் தெரியாமல் எப்போது வந்த நரை அது? மகளின் முன்னால் ஒரு கோப்பை. பின்னால் அசங்காத சுவர்.

"என்னம்மா, இன்னிக்கு ஒரே குஷியா இருக்கே?"

"சும்மாதான்." மாற்றியதைச் சொல்லவில்லை. பேசி முடித்துச் சொல்லலாம் என்றிருந்தாள். பூனைக் கதை ஓடியது, தண்ணீர்த் தொட்டி ஓடியது. மகள் சிரித்தாள். எங்கேயும் தடங்கல் இல்லை. சிஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, எப்பம்மா வர்றே?"

முகம் நின்றது. வாய் பாதி திறந்தபடி.

சனியனே, உனக்கு மூளை மாற்றியும் புத்தி வரவில்லையா என்று லேப்டாப்பின் விளிம்பில் தட்டக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

கோப்பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வளைந்து நெளிந்து, மகளின் அசையாத மோவாயைத் தொட்டுக் கலைந்தது. மறுபடி எழுந்தது. கழுத்தோரம் நாடி துடித்தது. மயக்கத்தில் கிடப்பவர்களின் துடிப்பைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண் அவளுடையது.

"நின்னுடுச்சு போல..." என்றாள் சிஸ்டர், வழக்கமான குரலில்.

இணைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை. அந்தப் பக்கம், இமைக்காமல் பிடித்து வைத்திருந்த கண்களில் மெல்ல நீர் கோத்துக்கொண்டு வந்தது.