இரண்டு காதிலும் ஒரே கீச்சு

ஆயர் ஈத்தாம் பகுதி அடுக்குமாடியில் அதிராவின் பின்னறைக்குத்தான் ஸ்டூடியோ என்று பெயர். சுவரில் பழைய மெத்தை, கதவிடுக்கில் போர்வை, நடுவில் ஒரு மைக். காற்றுச் சத்தத்தையும் மைக் பிடித்துவிடும் என்று மின்விசிறிக்குத் தடை. அந்த அடுப்புக்குள் ஆறு சனிக்கிழமை உட்கார்ந்து காமினி கிட்டார் வாசித்தாள்.

பாட்டும் குரலும் அதிராவுடையவை. கிட்டாரை மட்டும் ஆளுக்கொரு தடவை வாசிப்பதாகப் பேச்சு. வாசிப்பது ஒரே பகுதிதான். அதிரா வாசித்தது இடது காதில் கேட்கும், காமினி வாசித்தது வலது காதில். இரண்டு கைகள் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போவதில்லை அல்லவா, அந்த வித்தியாசத்தில்தான் கிட்டார் அறை நிறைய ஒலிக்கும். கப்பல் ஏஜென்சியில் நாளெல்லாம் படிவம் நிரப்பும் காமினிக்கு, ஒரு பாட்டில் தன் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. அம்மாவிடம் சொன்னாள். ஆபீஸ் முழுக்கத் தம்பட்டமும் அடித்தாயிற்று.

கடைசிச் சனிக்கிழமை, இரண்டாம் சரணத்தில் அவள் சுண்டுவிரல் வழுக்கிக் கம்பி கீச்சிட்டது. மறுபடி வாசிக்கிறேன் என்றாள்.

"இருக்கட்டும் லா," என்றாள் அதிரா. "எடது பக்கம் நான் சரியா வாசிச்சிருக்கேன்ல, அது மூடிக்கும்."

பாட்டு வெளிவந்த அன்று, பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் உட்கார்ந்து காமினி கேட்டாள். இரண்டாம் சரணம் வந்தது, கீச்சு. மூடவில்லையே என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அதிரா எவ்வளவு சுத்தமாக வாசித்திருக்கிறாள் பார்ப்போம் என்று வலது காது இயர்போனைக் கழற்றிவிட்டு, இடது காதில் மட்டும் மறுபடி ஓடவிட்டாள்.

அங்கேயும் கீச்சு. அதே இடம், அதே நீளம்.

ஒரே ஆளே வாசித்தாலும் ஒரு தப்பு இரண்டு தடவை அச்சாக வராது. அதிரா தான் வாசித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, காமினி வாசித்ததையே இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறாள். முதலில் காமினிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு பாட்டுக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். கிட்டார்: அதிரா. அவ்வளவுதான், காமினியின் பெயர் எங்கேயும் இல்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள்.

இரண்டு நாள் ஒரு போன் வரும் என்று காத்திருந்தாள். ஆபீசில், உன் பெயர் எங்கே என்று கேட்டவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள்.

மூன்றாம் நாள் அதிராவே ஒரு பொட்டலம் நாசி கண்டார் சோற்றுடன் வீட்டுக்கு வந்தாள். தீபாவளி விருந்து மேடையில் அந்தப் பாட்டைக் கிட்டாரோடு பாடக் கூப்பிட்டிருக்கிறார்களாம், இன்னும் பத்தே நாளாம். பெயரைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"ரெண்டாவது சரணம் எனக்கு வெரலு வரமாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் குடேன், காமினி."

காமினி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தன் கிட்டாரை எடுத்து வந்து அதிராவின் மடியில் வைத்தாள்.

"மத்ததெல்லாம் சொல்லிக் குடுக்கலாம். அந்தக் கீச்சு மட்டும் எனக்கே திரும்ப வராது," என்றாள். "ஆனா அது ரெண்டு காதுலயும் இருக்கு, ஊரே கேட்டாச்சு. நீதானே வாசிச்ச? வாசிச்சுக் காட்டு."

அதிரா கம்பிகள் மேல் விரலை வைத்தாள். காமினி நின்றபடியே காத்திருந்தாள்.