ஏற்காட்டில் வேகாத பருப்பு

ஷம்ஷாத்துக்கு பிளஸ் டூவில் நல்ல மார்க் வந்ததுதான் வினை. குறைவாக வாங்கியிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போதோ ஏற்காட்டுக் கடைவீதியில் ஆளுக்கொரு படிப்பைச் சொன்னார்கள். யாருமே சொல்லாத படிப்பு இயற்பியல். அவள் கேட்டது அதைத்தான்.

சேலத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இடமும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரவில்லை என்றால் இடம் கைநழுவிப் போகும். ஆனால் அவளைப் பெற்ற அத்தா ஷேக் தாவூத் சரி என்று சொல்லவில்லை. மளிகைக்கடையில் எத்தனை கெட்டிக்காரரோ, சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த மச்சான் காசிமுக்கு முன்னால் அத்தனை சாது.

"பிசிக்ஸ் படிச்சு என்ன பண்ணுவ?" என்றார் காசிம் மாமு.

"எம்.எஸ்சி. சேருவேன் மாமு."

"அதுக்கப்புறம்?"

"ஆராய்ச்சி பண்ணுவேன்."

"அதுக்கப்புறம்?"

கேள்வியா அது, கதவைச் சாத்துகிற சத்தம். "பி.காம். படிக்கட்டுங்க மச்சான். நம்ம ஜவுளிக்கடைக் கணக்கப் பாத்துக்குவா" என்று அவரே முடித்தும் வைத்தார். அத்தாவோ, "அக்கா கல்யாணம் முடியட்டும் கண்ணு" என்று நழுவினார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. ஷம்ஷாத்துக்குத் தூக்கம் போயிற்று.

இந்தக் கிறுக்கு அவளுக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிடித்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. மற்ற பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து நூறு என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். காரணம் அதே புத்தகத்தில், யாரும் படிக்காத பின்பக்கத்தில் இருந்தது. மலையில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் முழுச்சூடு ஏறும் முன்பே கொதித்துவிடும். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் மார்க் வந்த அன்றுகூட வரவில்லை.

கல்யாணத்துக்குக் காசிம் மாமு தன் செலவில் சேலத்திலிருந்து கல்யாணச் சமையலுக்கு ஒரு பண்டாரியைக் கூட்டிவந்தார். பிரியாணியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர். மட்டன் அடுப்பில் ஏறிவிட்டது, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தால்ச்சாவுக்கு அத்தா கடையிலிருந்து வந்த கடலைப்பருப்பு இன்னும் சட்டியில் கிடந்தது. ஷம்ஷாத் போய்ச் சொன்னாள்.

"பாய், மலை மேல பருப்பு வேக நொம்ப நேரம் புடிக்குமுங்க. இப்பவே ஏத்திருங்க."

"நான் எத்தன கல்யாணம் பாத்தவன்! நீ போயி பூ வெச்சுக்க கண்ணு" என்று சிரித்தார் பண்டாரி.

நிக்காஹ் முடிந்தது. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. பருப்பு கல்லாகவே கிடந்தது. பண்டாரி விறகைத் திணித்தார், பெரிய தேக்சாப் பாத்திரம் பொங்கியதே தவிர பருப்பு அசையவில்லை. காசிம் மாமு எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்: "ஏனுங்க மச்சான், கல்யாணத்துக்கே பழைய சரக்கத் தள்ளி உட்டுட்டீங்களா?"

அத்தாவின் முகம் செத்துவிட்டது. அவர் கடைச் சரக்கை ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஷம்ஷாத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தேக்சாவிலிருந்து பருப்பையும் தண்ணீரையும் ஒரு சொம்பு மொண்டு, அம்மாவின் குக்கரில் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

விசில் அடித்து அடங்கியதும் மூடியைத் திறந்து நீட்டினாள். அத்தா ஒரு பருப்பை எடுத்து நசுக்கினார். வெண்ணெயாகக் குழைந்தது.

"அதே பருப்புதானுங்க அத்தா. சரக்கு மேல தப்பில்ல. இங்க தண்ணி முழுச்சூடு ஏறாமயே கொதிச்சிருது. குக்கர் ஆவிய அமுக்கி வெக்குது, அதனால சூடு ஏறுது."

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து குக்கர்கள் வந்தன. கொல்லையில் வரிசையாக விசில் அடித்தன. முதல் பந்தி பிரியாணியை வெறும் தயிர்ப் பச்சடியோடு சாப்பிட்டு எழுந்துபோனது போனதுதான், இரண்டாவது பந்திக்குத் தால்ச்சா கிடைத்தது.

சாயங்காலம் காசிம் மாமு விடவில்லை. "பருப்பு வேக வெக்கறதுக்கு பி.எஸ்சி. படிக்கோணுமா?"

"இத்தன வருசமா பருப்பு விக்கறேன் மச்சான். எனக்கே இது தெரியாதுங்க" என்றார் அத்தா. மச்சானிடம் அவர் எதிர்த்துப் பேசி ஷம்ஷாத் பார்த்ததே இல்லை. அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அந்த பிசிக்ஸ் முடிச்சா?"

"எம்.எஸ்சி.ங்க அத்தா."

"அதுக்கப்புறம்?"

"ஆராய்ச்சி."

"அதுக்கப்புறம்?"

அதே கேள்விதான். ஆனால் அத்தா கதை கேட்கிறவர்போல முன்னால் சாய்ந்திருந்தார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியலீங்க அத்தா. தண்ணி நூறுல கொதிச்சு நான் இன்னும் பாத்ததே இல்ல."

அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு மொத பஸ்ஸுல சேலம் போலாம். அங்க நூறுலதான் கொதிக்குதான்னு மொதல்ல பாத்துட்டு வந்து சொல்லு சாமி. அதுக்கப்புறத்த அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."