கடை விளக்கில் கல் பார்க்கக் கூடாது

பிராக் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு ஏழு மணி நேரம் இருந்தது. அதைத் தூங்கித் தீர்த்துவிடலாம் என்று ஆகில் நாற்காலியில் காலை நீட்டினான். அவனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் துஷாந்தன் விடவில்லை.

"நானா, ருமேனியாவுல வேலைக்குக் குடுத்த கார்டு இருக்கு. வெளிய விடுறான். இனி எந்தக் காலத்துல இந்தப் பக்கம் வரப் போறோம்? அந்தப் பழைய கோபுர மணிக்கூட்ட மட்டும் பாத்துட்டு வந்துருவோம்."

"நீ போ."

"நான் தனியா போனா போட்டோ யாரு புடிக்கிறது? எந் தங்கச்சி அனுஷியா என்னைய நம்ப மாட்டா. கூகிள்ல எடுத்த படம்னு சொல்லுவா."

ஆகில் எழுந்தான். மறுத்துப் பேசுவதைவிட நடப்பது சுலபமாகத் தெரிந்தது. பெட்டிகள் நேரே கொழும்புக்குப் போய்விடும். கையில் இருந்தது ஒரு துணிப்பை. பைக்குள் சோறு ஆக்கும் குக்கர். பெட்டிக்குள் அது அடங்கவில்லை. பையின் வாயும் மூடவில்லை. மூடியின் நீலக் கைப்பிடி வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

இருவரும் பதினான்கு மாதம் ருமேனியாவில் ரொட்டி சுடும் ஒரே பாண் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர்கள். ஆகில் இரத்தினக்கல் எடுக்கும் குருவிட்ட ஊர்க்காரன். துஷாந்தன் ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். துஷாந்தன் ஒரு மாத விடுமுறையில் போகிறான், திரும்பி வந்து அதே கட்டிலில் படுப்பான். ஆகில் திரும்பி வரப்போவதில்லை. இது துஷாந்தனுக்குத் தெரியும். ஆகிலின் வீட்டில் யாருக்கும் தெரியாது; அவனும் விடுமுறையில் வருவதாகவே நினைத்திருக்கிறார்கள்.

நடந்தது பெரிய கதையில்லை. வெந்த பாண்கள் ஓடும் பட்டியில் வரிசையாக வரும். கோணலானதை எடுத்து எறிவது ஆகிலின் வேலை. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எது கோணல், எது சரி என்று அவனுக்குத் தெரியாமல் போனது. பத்து நிமிடம் எல்லாவற்றையும் போகவிட்டு நின்றான். பிறகு தொப்பியையும் ஏப்ரனையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தான். யாரும் அடிக்கவில்லை, யாரும் ஏசவில்லை. மறுநாள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவன் சிபாரிசு செய்திருந்த பெயரையும் அவன் கண்முன்னே கோடு போட்டு வெட்டினார்கள்.

வெட்டப்பட்ட பெயர் முக்தார். மனைவி ஸாஹிராவின் தம்பி. அடுத்த மாதம் அதே தொழிற்சாலைக்கு வரவேண்டியவன். பயணத்துக்காகத் தன் ஆட்டோவை விற்கிறான். எஹெலியகொடவிலிருந்து வாங்குகிறவன் இன்று அந்தி மஃரிப் தொழுகைக்கு முன் வந்து வண்டியைக் கொண்டுபோகிறான். ஒன்பது நாளாக ஆகில் தினமும் வீட்டோடு பேசினான். தினமும் "வேல பரவாயில்ல" என்றான். நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். நேரில் போகும்போது ஆட்டோ இருக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். குருவிட்டவில் மஃரிப் என்றால் இங்கே பகல் ஒன்றரை. அதை அவன் விமானத்திலேயே கணக்குப் பார்த்துவிட்டான்.

பஸ்ஸிலும் பிறகு சுரங்க ரயிலிலும் போய் இறங்கினார்கள். பழைய நகரம் கருங்கல் பாவிய தெருக்களாக இருந்தது. குளிர் காலணிக்கடியில் ஆணி அடிப்பது போல ஏறியது. பனி பெய்து அழுக்காகி ஓரத்தில் கிடந்தது. மஞ்சள், ரோஸ், பச்சை என்று வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. துஷாந்தன் அண்ணாந்து பார்த்தான்.

"நானா, இது எங்க தோட்டத்து லயம் மாதிரியேல்ல இருக்கு? ஒரே சுவரு, வரிசையா வாசல். பெயிண்ட் அடிச்சு விட்டா எங்க லயத்தையும் பாக்க வருவாய்ங்க போல."

"கக்கூசு எங்கேண்டு கேப்பானுகள்."

"அதுவும் சரிதான்."

பன்னிரண்டு மணிக்குச் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். கோபுரத்து மணிக்கூட்டின் பக்கத்தில் நின்ற எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடித்தது. மேலே இரண்டு சிறிய ஜன்னல்கள் திறந்தன, பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்த்துப் போயின. கடைசியில் ஒரு சேவல் கரகரத்தது. முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்றான் ஆகில்.

"அந்த எலும்புக்கூட்டப் பாத்தீங்களா? விடிய தோட்டத்துல மணியடிச்சு பெரட்டுக்கு ஆள் கூப்புடுற எங்க பழைய கணக்கப்புள்ளையே தான். சதை மட்டும் இல்ல."

ஆகிலுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடிக்கும்போது அவன் கை தானாகத் தொப்பியைத் தேடியது. ஷிப்டு தொடங்கும் மணியும் அப்படித்தான் இருக்கும்.

சதுக்கத்தின் மூலையில் ஒரு தள்ளுவண்டியில் மாவைத் தடியில் சுற்றித் தீயில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். வெந்த மாவின் வாசம் வந்ததும் ஆகில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். துஷாந்தன் அங்கே வரிசையில் நிற்க, இவன் வாசத்துக்கு எட்டாத ஒரு சந்துக்குள் ஒதுங்கினான்.

சந்து முழுக்க நகைக் கடைகள். ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் சிவப்புக் கற்கள். மாலை, மோதிரம், தோடு எல்லாமே கருஞ்சிவப்பு. ஆகில் நெருங்கிப் பார்த்தான். அவனுக்கு நம்ப முடியவில்லை. கார்னட். குருவிட்டவில் கல் தோண்டும் குழியிலிருந்து எடுத்த சரளையைக் கழுவும்போது நீலக்கல்லையும் புஷ்பராகத்தையும் பொறுக்கிக்கொண்டு குப்பையோடு எறியும் கல். ஸாஹிராவின் காலஞ்சென்ற தகப்பன் கபூர் நாற்பது வருடம் கல் வியாபாரம் செய்தவர். அவர் வீட்டு முற்றத்தில் மழைக்குப் பிறகு காலில் குத்துவது இதுதான். இங்கே அதைப் பட்டுத்துணியில் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்போது கைபேசி அடித்தது. ஸாஹிரா, வீடியோவில். மணி பன்னிரண்டு நாற்பது. எடுக்காமல் விடலாம். எடுத்தான். முகத்தைக் காட்ட மனமில்லாமல் உடனே கேமராவைத் தெருப்பக்கம் திருப்பினான்.

"எங்க ஈக்கிறீங்க?" என்றாள் ஸாஹிரா. "முகத்தக் காட்டுங்களே."

"ஊர் பாக்க வந்த. இந்தா பாரு, ஒனக்கு ஒரு வேடிக்க." கேமராவைக் கண்ணாடியில் வைத்தான். "எல்லாம் கார்னட்."

"அல்லாஹ்! இதயா விக்கிறானுகள்?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "வாப்பா ஈந்திருந்தா ஒரு லொறி ஏத்தி அனுப்பியிருப்பார். அந்த நடுவில ஈக்கிற பெரிய கல்லு நல்ல செவப்பு. கார்னட்தானா?"

"கார்னட்தான்."

"கட லைட்டில எல்லாக் கல்லும் அழகுதான். வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டுங்க."

கபூர் வீட்டுப் பழக்கம் அது. விளக்கு வெளிச்சத்தில் யார் கல்லைக் காட்டினாலும் அவர் பார்க்கவே மாட்டார், வாசலுக்கு வா என்பார். கல்யாணம் முடித்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஆகிலுக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது. யோசிக்காமலே விளக்கைத் தோளால் மறைத்து, வானத்து வெளிச்சம் விழும்படி கைபேசியைச் சாய்த்துப் பிடித்தான். கண்ணாடியில் கல் மங்கியது. தெரு தெரிந்தது. தெருவில் நின்ற அவனும் தெரிந்தான்.

ஸாஹிரா முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தாள்.

"தெரீதா?" என்றான்.

"தெரீது." அவள் குரலில் சிரிப்பு இல்லை. "ஒங்கட கையில என்ன?"

"பேக்."

"பேக்குக்குள்ள?"

அவன் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"அது நான் வாங்கித் தந்த குக்கர். நீலப் பிடி. லீவில வாற மனிசன் சோத்துச் சட்டியத் தூக்கிக்கொண்டு ஏன் வாற? திரும்பிப் போய் எதில ஆக்குற?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. குக்கர் பழுது, ஊரில் திருத்தலாம் என்று. அதை எடுத்துச் சொல்லும் அளவுக்குக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

"நான் வேலய விட்டுட்டன்."

"எப்ப?"

"ஒம்பது நாள்."

"ஒம்பது நாளா, வேல பரவாயில்ல எண்டீங்களே. அது என்ன வேல?"

"ஸாஹிரா, முக்தார்ட பேரையும் வெட்டிட்டானுகள். வண்டியக் குடுக்க வேணாம் எண்டு சொல்லு. இப்பவே."

"பிஸ்ஸா, பைத்தியமா ஒங்களுக்கு? அந்த ஆள் வாசல்ல வந்து நிக்கிறான்! டீ குடிச்சிக்கொண்டு ஈக்கிறான்!"

படம் ஒரு சுவரைக் காட்டியது, பிறகு கூரையை, பிறகு கறுத்துப்போனது.

ஆகில் கண்ணாடிக்கு முன்னாலேயே நின்றான். உள்ளே இருந்த விற்பனைக்காரி உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். இவன் தலையை ஆட்டினான். கால்விரல்கள் மரத்துப்போயின. ஒன்பது நாளில் ஏதாவதொரு நாள் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு அவனிடம் காரணம் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் பாண்களைப் பார்த்து நின்றது போலத்தான் இதையும் போகவிட்டு நின்றிருந்தான்.

துஷாந்தன் வாயெல்லாம் சீனியோடு வந்தான். "நானா, ஒங்களுக்கு வாங்கல. மாவுன்னா ஒங்களுக்கு ஆகாதுன்னு தெரியும். என்னாங்க, மொகம் இப்படி இருக்கு?"

"சொல்லிட்டன்."

துஷாந்தன் மெல்லுவதை நிறுத்தினான். "அக்கா என்னா சொன்னாங்க?"

"கட் பண்ணிட்டா."

"வண்டி?"

"தெரியாது."

துஷாந்தன் கையில் ஒட்டியிருந்த சீனியைத் தட்டினான். துணிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். ஆற்றுப் பக்கமாக நடந்தார்கள். பாலத்தில் இரண்டு பக்கமும் கறுத்த சிலைகள் நின்றன. சனங்கள் ஒரு சிலையின் அடியைத் தடவிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன சிலை என்று இருவரும் பார்க்கவில்லை. துஷாந்தன் ஒரு படமும் எடுக்கவில்லை. மணி ஒன்றரை தாண்டியது. ஆகில் நிமிடத்துக்கு ஒரு தரம் கைபேசியைப் பார்த்தான்.

ஒன்று ஐம்பதுக்கு, அவர்கள் ரயிலுக்குப் படி இறங்கும்போது, ஒரு குரல் செய்தி வந்தது. ஆகில் படியிலேயே நின்று காதில் வைத்தான். முதலில் ஒரு ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம். பிறகு ஸாஹிரா.

"வண்டி குடுக்கல்ல. முக்தார்தான் எடுத்துக்கொண்டு போறான். வந்த மனிசன் டீயையும் குடிச்சி, ஏசியும் போட்டுப் போறான். வாயில வந்ததெல்லாம் சொன்னான், முழுக்கச் சிங்களத்தில, எனக்கு எல்லாம் வெளங்கிச்சி. முக்தார் ஒங்களோட பேச மாட்டானாம். நாளைக்கு எயார்போர்ட்டுக்கும் வர மாட்டானாம். பஸ்ஸில வாங்க. நானும் பேச மாட்டன், இப்ப சொல்லிட்டன்."

செய்தி முடிந்தது என்று அவன் கையை இறக்கும்போது இன்னொன்று வந்தது. நான்கு செக்கன்.

"அந்தக் குக்கர விட்டுட்டு வந்திராதீங்க. இங்க உள்ளது போன மாசம் பழுதாப் போச்சி."

"என்னா சொல்றாங்க?" என்று துஷாந்தன் கேட்டான்.

"பஸ்ஸில வரச் சொல்றா."

"அவ்வளவுதானா?"

ஆகில் துணிப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டான். ரயிலில் இடம் கிடைத்தது. குக்கரை மடியில் வைத்து, நீலக் கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்தான். மூன்றாவது நிலையத்துக்கு முன்பே தூங்கிப்போனான். விமான நிலையம் போகும் பஸ் மாறும் இடத்தில் துஷாந்தன் அவனை இரண்டு தரம் உலுக்க வேண்டியிருந்தது.